உண்ணி பார்த்தவன்

"கையைத் தூக்கு மச்சி" என்பான். சும்மா தூக்கினால் விடமாட்டான். இரண்டு கையையும் பின்னந்தலையில் கோத்துக்கொண்டு, முழங்கையை அகட்டி, போலீசில் மாட்டின திருடன் மாதிரி நிற்க வேண்டும். பிறகு ஆரம்பிப்பான். அக்குள், விலா, இடுப்பில் பெல்ட் அழுத்தின தடம், முழங்காலின் பின்மடிப்பு, காலுறை முடிகிற இடம், கடைசியாகத் தலை. கண்ணால் பார்ப்பதை அவன் பார்ப்பதாகவே ஒத்துக்கொள்ள மாட்டான். விரல் நுனியால் தடவிக்கொண்டே வருவான். அவசரமே கிடையாது. போகிற பஸ் போகட்டும், கேண்டீனில் பூரி தீரட்டும், அவன் பாட்டுக்குத் தடவிக்கொண்டிருப்பான். எங்கேயாவது விரல் நின்றுவிடும். "அசையாத. ஒட்டிக்கினு கீது" என்பான், பக்கத்து வீட்டு விசேஷத்தைச் சொல்கிற குரலில்.

ஒட்டிக்கொண்டிருப்பது உண்ணி. மாட்டின் மேலும் நாயின் மேலும் பார்த்திருப்பீர்கள். மனுஷன் மேலும் ஏறும். ஏறினது தெரியாது, கடித்தது தெரியாது. குளிக்கும்போது கையில் மிளகு மாதிரி நெருடினால்தான் தெரியும். அதற்குள் அது பாதி வயிறு குடித்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம். எல்லையில் சண்டை முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. காக்கி உடுப்பு போட்டவனைத் தெருவில் நின்று பார்த்தார்கள். எங்கள் கல்லூரியில் ராணுவப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பரேடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு, அடையாற்றைத் தாண்டி, கிண்டிக் காட்டை ஒட்டின புதர்வெளிக்குப் போவோம். காரையும் களாவும் மண்டிக் கிடக்கும். மான் மேயும், மாடு மேயும், அவை உதிர்த்த உண்ணி புல் நுனியில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருக்கும். எங்கள் பயிற்சியில் பாதி, முழங்கையை ஊன்றி வயிற்றால் ஊர்ந்து போவதுதான். வயிற்றால் ஊர்கிறவனைவிட உண்ணிக்கு வசதியானவன் வேறு யார்?

முதல் வருஷம் இதன் மகிமை எங்களுக்குத் தெரியவில்லை. அரிக்கிறதே என்று சொறிவோம். உடம்பு நகத்தோடு வந்துவிடும், தலை தோலுக்குள் நின்றுவிடும். இரண்டு நாளில் புண். நாலு நாளில் நெறி கட்டும். அடுத்த பரேடில் ஒருவன் தொடையிடுக்கில் நெறி கட்டிக் காலை அகட்டி அகட்டி மார்ச் பண்ணுவான். இன்னொருவன் கை தூக்க முடியாமல் சல்யூட்டை மார்பு மட்டத்திலேயே அடித்துவிடுவான். ஒரு தடவை நாற்பதில் பதினோரு பேர் உடம்பு சரியில்லை என்று சீட்டு கொடுத்தார்கள். பயிற்சி கொடுக்கப் பட்டாளத்திலிருந்து வந்திருந்த ஹவில்தார், வேலூர்ப் பக்கத்து மனிதர், எதிரியே இல்லாமல் இத்தனை பேர் விழுந்து தான் பார்த்ததில்லை என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்தப் பதினோரு பேரில் அவன் இல்லை. அவன் பக்கத்தில் ஊர்ந்தவர்களும் இல்லை. காரணம், திரும்பி நடக்கும்போதே அவன் தன் பக்கத்தில் இருப்பவர்களை நிறுத்தி வைத்துத் தடவிப் பார்த்திருக்கிறான். ஹவில்தார் இதைக் கவனித்தார். அடுத்த வாரமே உத்தரவு ஆகிவிட்டது. புதரை விட்டு வெளியே வந்ததும் ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும். உன்னை நான், என்னை நீ. பார்த்து முடித்ததும் "சுத்தம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வந்துவிட்டால் தீர்ந்தது, பிறகு யாரும் மறுபடி பார்க்கமாட்டார்கள். துப்பாக்கியில் ரவை இல்லை என்று பக்கத்து ஆள் சொன்னால் எப்படி நம்பியாக வேண்டுமோ, அப்படி.

எல்லோரும் சொன்னார்களா என்று கேட்டு ஹவில்தாரிடம் போய் அறிக்கை கொடுப்பது என் வேலை. நான்தான் அண்டர் ஆபீசர், அதாவது மாணவர்களுக்குள் தலைவன். தோளில் ஒரு பட்டை, கையில் ஒரு குட்டைத் தடி, வாயில் இங்கிலீஷ் கட்டளை. எனக்கு என்னைப் பற்றி இருந்த அபிப்பிராயத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவன் வீடு மந்தைவெளிப் பக்கம் ஒரு சந்தில். வீடு என்றால் முன்னால் ஆறு மாடுகள், பின்னால் மனிதர்கள். அவன் அப்பா காலையிலும் சாயங்காலமும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வாசலில் கறந்து கொடுப்பார். அந்தப் பாலைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன். அவர் பிள்ளை என் வகுப்பில், என் வரிசையில், என் மாதிரியே காக்கி போட்டு நிற்கிறான் என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எவ்வளவு துவைத்தாலும் அவன் சட்டையில் சாண வாசனை கொஞ்சம் இருக்கும். அல்லது இருந்ததாக நான் நினைத்துக்கொண்டேனோ என்னவோ. அவனுக்கு "உண்ணி" என்று பெயர் வைத்ததும் நான்தான். ஒரே வாரத்தில் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அய்யே, அத்த புடுங்கறவன நானு. என்னியே அதுன்றியே" என்று சிரித்தான். அவன் சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதவில்லை. இத்தனை நாள் கழித்து அதை மட்டும் மரியாதையாக எழுதி நான் என்ன நல்லவனாகிவிடப் போகிறேன்?

பிடுங்குவதில் அவனுக்கு ஒரு முறை உண்டு. இரண்டு கட்டைவிரல் நகத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், மெதுவாக, நேராக இழுப்பான். வெளியே வந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தலை இருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றின தகர டப்பாவில் போட்டு மூடுவான். ஒருநாள் ஒருவன் பொறுமை இல்லாமல் பீடியைப் பற்றவைத்து உண்ணிக்குச் சூடு வைக்கப் போனான். இவன் பாய்ந்து பீடியைத் தட்டிவிட்டான். இவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சூடு பட்டால் அது குடித்ததையெல்லாம் உள்ளேயே கக்கிவிடும், விஷம் நம் ரத்தத்தில் ஏறும், மாடு என்றால் இரண்டு நாள் தீனி எடுக்காது, மனுஷன் என்றால் என்ன ஆகும் என்று தனக்கே தெரியாது என்று கத்தினான்.

பயிற்சிக்குப் பொறுப்பான எங்கள் ஆபீசர் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவர். உண்ணிக்கு எத்தனை கால், அது எந்தக் குடும்பம் என்று கரும்பலகையில் படம் போடுவார். பரேடில் அவரும் காக்கி போட்டு வருவார், ஆனால் உண்ணி பார்க்க நிற்கமாட்டார். கௌரவம். ஒருநாள் அவன் நேரே அவர் முன்னால் போய் விறைப்பாகச் சல்யூட் அடித்து, "சார், தொப்பிய கொஞ்சம் எடுங்க" என்றான். அவர் முறைத்தார். "நெத்தியாண்ட ஒண்ணு ஏறிக்கினு கீது சார், உள்ள போறதுக்குள்ள எடுத்துடறேன்" என்றான். அவர் தொப்பியை எடுத்தார். வழுக்கையின் ஓரத்தில் அது நகர்ந்துகொண்டிருந்தது. இவன் எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி சல்யூட் அடித்தான். அப்புறம் இரண்டு மாதம் அந்தத் தொப்பியை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவன் மட்டும் ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டான்.

அவனுக்கு அது வேடிக்கை இல்லை. ஒருத்தன் உடம்பில் உண்ணி இருப்பது தெரிந்துவிட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தெருநாயின் காதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்வேன், தெரியாதவன் மாதிரி.

எங்களில் பலருக்குப் பரேடு என்பது ஒரு சர்டிபிகேட். எனக்கு, டெல்லிக் குடியரசு தின அணிவகுப்புக்குப் போகிற ஆசை. அவனுக்கு மட்டும்தான் அது பிழைப்பு. பட்டாளத்தில் சேர வேண்டும், வேறு நினைப்பே கிடையாது. நகரத்துக்குள் மாடு வைக்கக் கூடாது என்று அப்போதே பேச்சு வந்துவிட்டது. சந்தில் புது மாடி வீடு கட்டினவர்கள் நாற்றம் என்று மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு இரண்டு தங்கைகள். அவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும். அந்த வருஷம் ஆளெடுப்பு வந்தபோது போனான். ஓட்டம், உயரம், மார்பளவு எல்லாம் தேறிவிட்டான். மெடிக்கல் மட்டும் பாக்கி, அதற்கு ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் பால் கறந்துகொண்டே அவன் அப்பா என் அம்மாவிடம் இதைச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருப்பதே இதைத் தள்ளிப்போடத்தான்.

அவனிடம் தங்களைக் காட்டிக்கொள்ள எல்லோருக்கும் ஆசை. அவனைப் பார்க்கத்தான் யாரும் முன்வரவில்லை. நாற்பது பேர், இருபது ஜோடி, ஒவ்வொருவனும் சிநேகிதனைப் பிடித்துக்கொண்டுவிட்டான். கடைசியில் மிஞ்சினது அவனும் நானும். தலைவன் என்பதால் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அவன் அவன் என்பதால் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஹவில்தார் எங்களைச் சேர்த்துவிட்டார். அன்று முதல் ஒவ்வொரு தடவையும் அவன் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பத்து நிமிஷம் பார்ப்பான். பிறகு சட்டையைக் கழற்றி, எனக்கு முதுகைக் காட்டி நிற்பான். நான் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு முழம் தள்ளி நின்று, கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, "சுத்தம்" என்பேன். ஒரு விரல் கூட அவன் மேல் பட்டதில்லை. அது அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதனால் தன் உடம்பின் முன்பக்கத்தையும் கைகாலையும் தானே பார்த்துக்கொள்வான். முதுகுக்கும் கழுத்துக்கும் தலைக்கும் மட்டும் என்னை நம்பியிருந்தான்.

மெடிக்கலுக்கு நாலு வாரம் இருக்கும். அன்று ஊர்ந்து ஊர்ந்து எல்லோருக்கும் முழங்கை தேய்ந்துவிட்டது. வெயில் ஏறிவிட்டது. அவன் என் மேலிருந்து இரண்டு எடுத்தான், ஒன்று இடுப்பில், ஒன்று சொல்லக்கூடாத இடத்தில். முகம் சுளிக்காமல் எடுத்தான். பிறகு திரும்பி நின்றான். "கொஞ்சம் நல்லா பாரு மச்சி. மெடிக்கல் வருது" என்றான். அப்படி அவன் கேட்டதே இல்லை. கேட்டதால் நானும் கொஞ்சம் கிட்டப் போனேன். முதுகு, தோள், கழுத்து. இடது காதுக்குப் பின்னால், மயிர் தொடங்குகிற இடத்தில், கறுப்பாக ஒன்று இருந்தது.

மச்சமாக இருக்கலாம் என்று நினைத்தேன். இல்லை, அது பொய். இத்தனை வருஷம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். மச்சத்துக்குக் கால் கிடையாது. நான் பார்த்ததற்கு இருந்தது. அது என்ன என்று தெரிந்துதான் நின்றேன். வேர்வையில் அவன் கழுத்து பளபளத்தது. அந்த மயிரை விலக்கி, அந்தத் தோலை நகத்தால் பிடித்து, அதை இழுத்து என் கையில் வாங்க வேண்டும். பால்காரன் பிள்ளையின் கழுத்து அழுக்கு என் நகத்தில் ஏற வேண்டும். எனக்குக் குமட்டியது. சாயங்காலம் தலை குளித்தால் தானே விழுந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு.

"சுத்தம்" என்றேன்.

"டாங்க்ஸ் மச்சி" என்று சட்டையைப் போட்டுக்கொண்டான். நான் போய் ஹவில்தாரிடம் நாற்பது பேரும் சுத்தம் என்று அறிக்கை கொடுத்தேன்.

எட்டாவது நாள் அவனுக்குக் காய்ச்சல். மண்டை பிளக்கிறது என்று வகுப்பில் மேஜை மேல் கவிழ்ந்து படுத்துவிட்டான். ஆபீசர் என்னைத்தான் கூட அனுப்பினார். ரிக்‌ஷாவில் வைத்து ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதானவர், நிதானமானவர். கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். பரேடு, புதர் என்று சொன்னான். உடனே அவர் முகம் கொஞ்சம் மாறியது. நான் பார்த்தேன். அங்கே ஏதாவது பூச்சி, உண்ணி, கடித்ததா என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றான் அவன், அந்தக் காய்ச்சலிலும் அழுத்தமாக. "எங்க பரேடுல ஜோடி பாப்பாங்க. இவன்தான் என் ஜோடி. நல்லா பாத்துட்டு சுத்தம்னு சொல்ட்டான்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லக்கூட வேண்டாம், காதுக்குப் பின்னால் விரலைக் காட்டியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், பார்த்தேன் என்கிற ஆட்டல். அவர் திருப்தியாகி, மலேரியாவாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மலேரியா மாத்திரைக்கு அது மசியவில்லை. நாலு நாள் கழித்து உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. உள்ளங்கையில்கூட. சந்தில் எல்லோரும் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அம்மை என்றால் மருந்து கூடாது. மாத்திரையை நிறுத்தினார்கள். வாசலில் வேப்பிலை செருகி, அவனை வேப்பிலை மேல் படுக்கவைத்து, இளநீரும் கூழும் கொடுத்தார்கள். அம்மை வீட்டுக்கு வெளியாள் போகக் கூடாது. எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. போகவில்லை.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். மூன்றாம் தண்ணீர் ஊற்றின பிறகுதான் எழுந்து நடமாடலாம். அவனுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. உளற ஆரம்பித்திருந்தான். முதல் தண்ணீராவது ஊற்றிப் பார்க்கலாம், குளிர்ந்தால் ஆத்தாள் இறங்குவாள் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவன் அப்பாதான் மடியில் சாய்த்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே தலையைத் தடவினவரின் விரல் இடது காதுக்குப் பின்னால் நின்றுவிட்டது. மாடு தடவிப் பழகின விரல். உண்ணி எப்போதோ குடித்துவிட்டு விழுந்திருந்தது. அது இருந்த இடத்தில் சூடுபட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு. மனிதர் செம்பைப் போட்டுவிட்டு, ஈரத் துணியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினாராம். டாக்டர் பொருக்கைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு, இது உண்ணிக் காய்ச்சல் என்று வேறு மாத்திரை கொடுத்தார். மூன்றே நாளில் காய்ச்சல் விட்டது. முதல் நாளே கொடுத்திருக்க வேண்டிய மாத்திரை.

உயிர் தங்கியது. காய்ச்சல் அத்தனை நாள் நீண்டதில் இடது காது செவிடாகிவிட்டது.

மெடிக்கலில் பின்னால் நின்று ரகசியக் குரலில் சில வார்த்தைகள் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வலது பக்கம் எல்லாம் சொன்னானாம். இடது பக்கம் டாக்டர் பேசத் தொடங்கிவிட்டார் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பேசுவார் பேசுவார் என்று விறைப்பாக நின்றுகொண்டே இருந்திருக்கிறான்.

இதோடு முடிந்திருந்தால் கோழைத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். முடியவில்லை. ஆபீசர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பயிற்சியில் நேர்ந்த கடி என்று எழுதிக் கொடுத்தால் ராணுவ மருத்துவமனையில் காதுக்குச் சிகிச்சை கேட்கலாம், மறு மெடிக்கலுக்குச் சிபாரிசு பண்ணலாம் என்றார். அந்தத் தொப்பி மனிதருக்கு அவன் மேல் பிரியம் இருந்தது. அன்றைக்கு ஜோடி பார்த்தவன் நீதானே, என்ன எழுதட்டும் என்று கேட்டார். மேஜை மேல் இன்னொரு காகிதமும் இருந்தது. டெல்லிக்குப் போகிறவர்கள் பட்டியல். அதில் என் பெயர் முதலில் இருந்ததைத் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

"நான் நன்னா பார்த்தேன் சார். ஒண்ணும் இல்லே" என்றேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. "அவன் வீட்டுல மாடு இருக்கு சார். அங்க கடிச்சிருக்கும்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு அப்படியே எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நான் சொன்னது எப்படியோ சந்துக்குப் போய்விட்டது. மாட்டால் வந்த நோய் என்றதும் மனுப் போட்டவர்களுக்குக் கொண்டாட்டம். நாலு வீட்டில் பாலை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டிலும் அப்பா நிறுத்தச் சொன்னார். அம்மாதான், "பதினெட்டு வருஷமா அந்தப் பாலைக் குடிச்சுண்டு நம்மாத்துல யாருக்கு என்ன வந்துது?" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இலையை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

பால் கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் அந்தச் சந்துக்குப் போக வேண்டி வந்தது. அவன் வீட்டில் இல்லை. அப்பா இருந்தார். என்னைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். வாடிக்கை வீட்டுப் பிள்ளை என்ற மரியாதை அப்போதும் போகவில்லை. ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லவில்லை. "இப்டி வா தம்பி" என்று என்னைக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போய், முதல் மாட்டின் காதை மடித்துக் காட்டினார்.

"பாரு தம்பி. நல்லா கிட்ட வந்து பாரு. எங்கனா ஒண்ணு கீதா?"

பிறகு அடுத்த காது. வால் அடி. மடிச் சந்து. ஆறு மாடுகளையும் அப்படிக் காட்டினார். ஒரு உண்ணி இல்லை. துடைத்துவைத்த பித்தளை மாதிரி இருந்தன மாடுகள். ஒவ்வொன்றையும் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நான் இல்லை என்று தலையாட்டும்வரை அடுத்ததற்குப் போகமாட்டார். கடைசி மாட்டின் காதை விடாமல் பிடித்துக்கொண்டார். தினம் விடியற்காலையில் இதை அவன்தான் பார்ப்பான், மூணு வயசிலிருந்து பார்க்கிறான், அவன் பார்க்கிற மாட்டின் மேல் உண்ணி இருந்தது என்று எந்தப் பாவி சொன்னான் என்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. நோட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் டெல்லிக்குப் போனேன். அணிவகுப்பில் நடந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிறு. புதர்ப் பயிற்சி முடித்து நாங்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்தபோது, ஸ்டோர் அறை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். வேட்டி சட்டை. பயிற்சியிலிருந்து பெயர் எடுத்துவிட்டு, உடுப்பு, பூட்ஸ், பெல்ட் எல்லாவற்றையும் ஒப்படைக்க வந்திருந்தான். பூட்ஸுக்குப் பளபளவென்று பாலிஷ் போட்டிருந்தான். திருப்பிக் கொடுக்கிற பூட்ஸுக்கு எவனாவது பாலிஷ் போடுவானா? ஸ்டோர்காரர் வரவில்லை, காத்திருந்தான். எங்களில் நாலைந்து பேர் அவனைப் பார்த்ததும், ஜோடி பார்த்துச் சுத்தம் சொல்லியிருந்தும், சட்டையைக் கழற்றிக்கொண்டு அவனிடம் போய்விட்டார்கள். அவனும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிட்டான்.

நான் தள்ளியே நின்றேன். அவன்தான் வந்தான். வழக்கம்போல ஒழுங்காகப் பார்த்தான். விலாவில் ஒன்று இருந்தது. நகத்தால் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்துத் தலை வந்துவிட்டதா என்று பார்த்தான். இனி சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. அவன் வலது பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னேன்.

"அன்னைக்கு உன் காதுக்குப் பின்னாடி அது இருந்துதுடா. நான் பார்த்தேன்."

"தெரியும்" என்றான்.

எப்படி என்று கேட்டேன்.

"நைனா தண்ணி ஊத்தச்சொல்ல கையில பட்டுச்சு இல்ல, காய்ச்சல் வுட்டதும் சொன்னாரு, அப்பவே தெரியும். நீ எப்பவும் சட்டுனு சொல்லிடுவ. அன்னிக்கு என் பின்னால ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்த. உன் மூச்சு என் கயுத்துல பட்டுது."

அவ்வளவு நாள் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். உண்ணியைத் தரையில் போட்டு, கல்லால் நசுக்கிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவனுக்கு உண்மையாகவே புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரி பார்த்தான்.

"நீ தொட வாணாம்பா. கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. நானே எடுத்துக்கினு இருப்பனே."

அடுத்தவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தான். அவனைப் பார்க்கப் போய்விட்டான்.